மொட்டை மாடியில் 8 கிலோவாட் சூரிய மின்சாரம்: எங்கள் சங்கம் மானியம் வாங்கிய கதை

ஏற்காடு அடிவாரம் பக்கம் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்காத ஒரு கூட்டத்துக்கு நான் அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். போனபோது நான்தான் பொருளாளர் என்று முடிவாகியிருந்தது.

கணக்கு நோட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டது காமன் இ.பி. பில்தான். லிஃப்ட், இரண்டு மோட்டார், மாடிப்படி விளக்குகள். 2022 செப்டம்பரில் அடுக்குமாடிப் பொது இணைப்புகளுக்குத் தனி விகிதம் கொண்டுவந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். மறு வருடம் 10 வீடுகளுக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 என்று குறைத்தார்கள். எங்களுக்கு லிஃப்ட் உண்டு, வீடும் 24. ஆகவே அந்தச் சலுகையைப் பேப்பரில் படித்ததோடு சரி.

மொட்டை மாடியில் சூரிய மின்சாரப் பேனல் போட மானியம் தரும் பி.எம். சூரியகர் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். தனி வீட்டுக்கு 1 கிலோவாட் என்றால் 30,000, 2 என்றால் 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 என்று எல்லாருக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்கும் மானியம் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது. கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்; வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை போகலாம்.

முதலில் வந்த விற்பனைக்காரர் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு 72 கிலோவாட் வரைக்கும் தகுதி இருக்கு சார், 20 போட்டுக்கலாம்" என்றார். ஆறு பில்களை எடுத்து வைத்துச் சராசரி பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 2,050 யூனிட், அதாவது நாளுக்கு 34. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சுமாராக 4 யூனிட் தரும். 8 கிலோவாட் போட்டாலே 32 யூனிட் வந்துவிடும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் போடுவது, தள்ளுபடி என்று இரண்டு அளவு பெரிய செருப்பு வாங்குகிற மாதிரி. 8 போதும் என்று எழுதிவிட்டேன்.

அடுத்து நிழல். தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் ரூமும் மாடியின் நடுவில் நிற்கின்றன. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9, நண்பகல், மாலை 3 என மூன்று நேரம் சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டேன். நிழல் எல்லாம் வடக்கே விழுந்தது. தெற்குப் பக்கம் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டபோது, இரண்டாம் மாடி வாத்தியார் ஐயா ஒரு கேள்வி கேட்டார்: "சித்திரைக்கு அப்புறம் சூரியன் நம்ம தலைக்கு வடக்கே போயிருமே, அப்ப?" அவர் சொன்னதுதான் சரி. சேலம் ஏறக்குறைய 11.6 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் 22 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. அந்த நாலு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூனில் மறுபடி கோடு போட்டேன். உச்சி நேரத்து நிழல் குட்டைதான், ஆனாலும் தொட்டியை ஒட்டி நாங்கள் குறித்த வரிசையை மூன்றடி தள்ளவேண்டி வந்தது. டிசம்பர்க் கோட்டை நம்பிப் போட்டிருந்தால் முதல் வரிசை வெயில் காலத்தில் அரை வேலைதான் பார்த்திருக்கும். சேர்வராயன் மலை மறைக்குமா என்றும் சிலர் கேட்டார்கள். மலை வடக்கே இருக்கிறது, நம் பேனல் தெற்கே பார்க்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நிழலைவிடக் காயப்போடும் இடம்தான் பெரிய சண்டை. "வடகம் எங்க காயப் போடறது, மாசி வந்தா வத்தல் எங்க போடறது?" என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டதற்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை. எட்டடி உயரத்தில் ஸ்டாண்டு போட்டு, கீழே நடமாட இடம் விடுவதாக முடிவாயிற்று. அதற்குக் கூடுதல் செலவு. காற்று தூக்காமல் இருக்க அடிப்பாகமும் பலமாக வேண்டும். ஸ்லாப் தாங்குமா என்று ஒரு பொறியாளரை வரவழைத்துப் பார்த்தோம். அவருக்கு 4,500 ரூபாய்.

எல்லாம் சரியாகி விண்ணப்பிக்கப் போனால், மின் இணைப்பு இன்னும் கட்டிய பில்டர் பெயரிலேயே இருக்கிறது! குடிவந்து பதினொரு வருடம், ஒருவரும் பார்க்கவில்லை. பில் கட்டினோம், பெயரைப் படிக்கவில்லை. சங்கத்தின் பெயரில் மானியம் வரவேண்டுமென்றால் இணைப்பும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். பில்டர் கோவைக்குப் போய்விட்டார். இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ச் சம்மதக் கடிதம் வாங்கினேன். சங்கப் பதிவுச் சான்று, பொதுக்குழுத் தீர்மானம், பான் அட்டை எல்லாம் சேர்த்துக் கொடுத்து, பெயர் மாறி வர மூன்று மாதம் ஆனது. நீங்கள் இதை ஆரம்பிப்பதாக இருந்தால் இன்றைக்கே பொது மீட்டரின் பில்லை எடுத்து யார் பெயர் என்று பாருங்கள். விலைப்பட்டியல் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பின் எளிது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்கவேண்டும் என்று 2024-ல் மத்திய விதி வந்துவிட்டதால் இணையதள விண்ணப்பம் அதிகம் தேங்கவில்லை. விலை கேட்ட விற்பனைக்காரர்களில் ஒருவர் மட்டும் 40,000 ரூபாய் குறைத்துச் சொன்னார். விசாரித்தால் வெளிநாட்டு செல் (பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் துண்டு) போட்ட பேனல். உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும் இருந்தால்தான் இந்த மானியம். "அதெல்லாம் வந்துரும் சார்" என்றார். அவரிடம் எழுதிக் கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மொத்தம் 4,80,000. வீட்டுக்கு 20,000 முதலில் கட்டவேண்டும், மானியம் வேலை முடிந்து நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்புவதையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகுதான். "பின்னாடி வரும்னு சொல்றீங்க, வரலேன்னா?" என்று ஒவ்வொரு கதவிலும் என்னைக் கேட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் காட்டினார்கள், பெங்களூரில் இருக்கும் வீட்டுக்காரர் வாடகைக்காரரைக் காட்டினார். இரண்டு வீட்டுப் பணத்தைச் சங்கத்தின் சேமிப்பிலிருந்து போட்டோம், இன்னும் ஒருவர் பாக்கி.

நெட் மீட்டர் வைத்து நாற்பது நாளில் 1,44,000 கணக்கில் ஏறியது. அன்று என் அக்கா மகளிடம் போனில் சொன்னேன், அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். "திட்டம் போட்ட செலவுக்கு எவ்வளவு கொடுத்தாங்க மாமா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அங்கே 2023-ல் சமூக எரிசக்தி நிதி என்று 1 கோடி பவுண்டு ஒதுக்கினார்களாம். ஊர்க் குழுக்கள் ஒரு திட்டம் சாத்தியமா என்று ஆராய்வதற்கே முதல் கட்டத்தில் 40,000 பவுண்டு வரை, அடுத்த கட்ட ஆயத்தத்துக்கு 1 லட்சம் பவுண்டு வரை. ஒரு பேனல்கூட மாட்டுவதற்கு முன்னால்! நம் மானியம் கம்பியில் மின்சாரம் ஓடிய பிறகு கிலோவாட் எண்ணித் தருவது. அதற்கு முந்தைய ஒரு வருடமும், பஸ் டிக்கெட்டும், பொறியாளர் கூலியும், பத்திரச் செலவும் நம்முடையது. பில்லையே படிக்காமல் பதினொரு வருடம் இருந்த எங்களைப் போன்ற சங்கங்கள் எத்தனை அந்த ஒரு வருடத்திலேயே கைவிட்டிருக்கும் என்று யோசித்தேன்.

வீட்டுக்கு 6,000 வீதம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆயத்தச் செலவு 11,300 ரூபாயை ஆண்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'இதர செலவு' என்று போட்டிருந்தேன். தணிக்கை பார்த்த வாத்தியார் ஐயா அதை அடித்துவிட்டு, பென்சிலால் 'நிழல் பார்த்த செலவு' என்று எழுதியிருக்கிறார். பொதுக்குழுவில் அதற்கும் யாராவது ரசீது கேட்பார்கள்.