காதுக்கும் வாய்க்கும் நடுவே

செய்தி சேனலில் செய்தி தயாரிக்கும் டெஸ்க்கில் பல வருஷம் இருந்துவிட்டால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் செய்தி பார்த்தால்கூட செய்தி மனசில் ஏறாது. வாசிப்பவரின் கண் எங்கே போகிறது, இயர்பீஸ் இருக்கும் பக்கம் தலை லேசாகச் சாய்கிறதா என்றுதான் பார்ப்பேன். சாய்ந்தால், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒளிபரப்பை இயக்கும் பிசிஆர் அறையிலிருந்து யாரோ அவர் காதில் பேசுகிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோவாக நான் ரொம்ப காலம் இருந்திருக்கிறேன்.

நல்ல ஆங்கர், அதாவது செய்தி வாசிப்பவர், யார் என்று கேட்டால் எல்லோரும் குரலைச் சொல்வார்கள், ழகரத்தைச் சொல்வார்கள், புடவையைக்கூடச் சொல்வார்கள். அதெல்லாம் படிக்க வேண்டிய வரிகளைக் காட்டும் ப்ராம்ப்டர் திரை ஓடும் வரைக்கும்தான். பிரேக்கிங் நியூஸ் என்று வந்துவிட்டால் ப்ராம்ப்டர் காலி. காதில் விழுவதை அப்படியே வாய்க்கு அனுப்புவதா, நடுவில் ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பதா என்பதில்தான் ஆள் தெரிவார்.

நைட் ஷிப்டில் வேலை குறைந்த நேரத்தில் பழைய அமெரிக்கப் பதிவுகளை யூடியூபில் ஓடவிடுவேன். 1963 நவம்பர் 22, அமெரிக்க அதிபர் கென்னடி டல்லாஸில் சுடப்பட்ட நாள். சிபிஎஸ் சேனலின் ஆங்கர் வால்டர் க்ரான்கைட் முதலில் திரையில் வரவே இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் காலத்து கேமரா சூடாகித் தயாராகவே நேரம் பிடிக்கும். டல்லாஸிலிருந்து நிருபர் டான் ராதர் ‘இறந்துவிட்டார்’ என்று சொல்கிறார், சிபிஎஸ் ரேடியோ அதைச் சொல்லியும் விடுகிறது. டிவியில் க்ரான்கைட் அதைத் தகவல் என்று மட்டுமே சொல்கிறார், உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்து. கடைசியில் கையில் தாள் வருகிறது. எல்லோரும் அவர் கண்ணாடியைக் கழற்றியதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது, தாள் வந்த பிறகும் ‘அதிகாரபூர்வமானது போலத் தெரிகிறது’ என்று ஒரு வாலை ஒட்டிவிட்டுத்தான் அவர் படித்தார் என்பது.

அதே நாளில் இன்னொரு சேனலான என்பிசியில் நடந்தது இன்னும் சுவாரசியம். நிருபர் ராபர்ட் மக்நீலின் ஃபோன் குரல் ஒளிபரப்பில் ஏறவில்லை. ஸ்டுடியோவில் இருந்த ஃப்ராங்க் மகீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல வரிவரியாகத் திருப்பிச் சொன்னார். நம் ஊரில் ஃபோனோ, அதாவது நிருபரின் நேரலை ஃபோன் பேச்சு, கட்டானால் ‘தொடர்பு துண்டிக்கப்பட்டது’ என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவோம்!

2001 செப்டம்பர் 11 பதிவில் ஏபிசி சேனலின் ஆங்கர் பீட்டர் ஜென்னிங்ஸைப் பார்க்க வேண்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் சரிந்ததும் நிருபர் டான் டாலர் சொல்கிறார். ஜென்னிங்ஸுக்குப் பிடிபடவில்லை. ஒரு பக்கம் முழுக்க இடிந்துவிட்டதா என்று கேட்கிறார். கட்டடமே முழுசாக விழுந்துவிட்டது என்கிறார் டாலர். கோடிக்கணக்கான பேர் பார்க்க, தனக்குப் புரியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நாங்கள் எங்கள் ஆங்கர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நேர் எதிர். எல்லாம் தெரிந்த முகத்தோடு உட்கார வேண்டும், திருப்பிக் கேட்டால் சேனல் மானம் போய்விடும்.

1981 மார்ச் 30 அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்ட அன்று, அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் ப்ரேடி இறந்துவிட்டதாக மூன்று நெட்வொர்க்குகளும் சொல்லிவிட்டன. ஏபிசியில் அதைச் சொன்ன ஃப்ராங்க் ரெனால்ட்ஸ், ப்ரேடியை நன்றாகத் தெரிந்தவர். இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று திருத்தம் வந்ததும், ஒளிபரப்பிலேயே டெஸ்க் பக்கம் திரும்பி, யாராவது இதை ஒழுங்காக உறுதி செய்யுங்கள் என்று சீறினார். ப்ரேடி அப்புறம் 33 வருஷம் வாழ்ந்தார். அந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் ரெனால்ட்ஸைப் பாராட்டுவார்கள். எனக்கோ அவர் திரும்பிய திசையில் நின்றவர்கள் முகம்தான் தெரிகிறது.

இதற்காக, மெதுவாகப் போவதே நல்லது என்று சொல்ல வரவில்லை. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக உலக வானொலிகள் பகலிலேயே சொன்னதை, அரசு வானொலியும் தூர்தர்ஷனும் சாயங்காலம்தான் சொன்னார்கள். அது நிதானம் இல்லை, மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2016 டிசம்பர் 5. ஜெயலலிதா அப்பல்லோவில் சேர்ந்து 75ஆவது நாள். முந்தின நாள் மாலை இதயத் துடிப்பு முடங்கியது (கார்டியாக் அரெஸ்ட்) என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மாலை ஐந்தரை மணி சுமாருக்கு, அப்பல்லோ இருக்கும் கிரீம்ஸ் ரோட்டிலிருந்து எங்கள் ரிப்போர்ட்டர் பேசினார்.

“சார், முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க.”

“யார் சொல்றாங்க?”

“எல்லாரும்தான் சார்.”

எதிர்ச் சுவரில் மற்ற சேனல்களின் டிவிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் மரணச் செய்தியோடு சிவப்பு ப்ளேட், அதாவது எழுத்துப் பட்டை, விழுந்தது. அடுத்து இன்னொன்றில். நான் ஆங்கரின் காதோடு பேசும் டாக்பேக் பட்டனை அழுத்தி, அன்று வாசித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் “போகலாம்மா” என்றேன்.

பிறகு பதிவைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் குரல் அவர் காதில் விழுந்ததற்கும் ‘காலமானார்’ என்று அவர் சொன்னதற்கும் நடுவில் இரண்டு விநாடி இருக்கும். கையில் இருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, கேமராவைத் தாண்டி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்க்கிறார். என்னிடம் கேட்கிறார், வாயைத் திறக்காமல். மைக் லைவில் இருக்கும்போது வேறெப்படிக் கேட்க முடியும்? நான் தலையாட்டினேன்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி இறங்கி, மறுபடி ஏறியது. சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்தது. திரையின் கீழே ஓடிய ஸ்க்ரோல் வரியை நானே அழித்தேன், அதற்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. சொன்னதைத் தன் முகத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டவர் அந்தப் பெண்தான். அன்று இரவே அவர் படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் என்னென்னவோ எழுதினார்கள். என் பெயர் யாருக்குத் தெரியும்?

பிரேக்கில் ஸ்டுடியோவுக்குள் போனேன். இயர்பீஸைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அண்ணா, இனிமே பேப்பர் இல்லாம என் காதுல சொல்லாதீங்க.”

நள்ளிரவு தாண்டி மருத்துவமனை அறிக்கை வந்தது, இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது என்று. அன்று யாருக்கும் ஷிப்ட் முடியவில்லை, அவரேதான் உட்கார்ந்திருந்தார். பட்டனைத் தொடாமல் அறிக்கையை ப்ரின்ட் எடுத்து, நானே கொண்டுபோய் மேஜை ஓரத்தில் தள்ளிவிட்டு கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தலைப்பிலிருந்து கையெழுத்து வரை ஒருமுறை முழுசாகப் படித்தார். லைவ் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டுடியோவில் ஏசி சத்தம் மட்டும். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

எல்லா சேனலும் எங்களை முந்திவிட்டதாக மறுநாள் மீட்டிங்கில் சொன்னார்கள்.