கன்னத்தில் விழுந்த மங்கு

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். முகம் கழுவிவிட்டு ஜன்னலோரம் நின்று கண்ணாடி பார்த்தால், இரண்டு கன்ன எலும்பின் மேலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்பாக ஒரு படிவு. அழுக்கு என்று நினைத்து மறுபடி தேய்த்துக் கழுவினேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். அம்மா பார்த்ததுமே, "மங்கு விழுந்திருக்கும்மா, எனக்கும் உன்னைச் சுமந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு" என்றார். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இது தானாகவே குறைந்துவிடும். எனக்குக் குறையவில்லை. பிள்ளை பால் மறந்த பிறகு கருத்தடை மாத்திரை ஆரம்பித்தேன், இன்னும் அடர்த்தியாகிவிட்டது. அந்த மாத்திரைக்கும் முகத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பார்ப்பவர்கள் எல்லாம் "முகத்துல என்ன?" என்று கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் வலித்தது. போட்டோ எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் ஒரு கிரீம் கொடுத்தார். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன், பொய் சொல்லவில்லை. நான்கு மாதம் விடாமல் போட்டேன். நிறுத்திப் பார்த்தால் ஒரே வாரத்தில் முகம் எரிந்தது, சிவந்தது, பொரிப்பொரியாகப் பருக்கள் வந்தன, மங்கும் முன்பைவிடக் கருப்பாகத் திரும்பியது. தாடையோரம் மெல்லிய முடி வேறு. திரும்பப் போட்டால் அடங்கும், விட்டால் பொங்கும். அப்போதுதான் பயம் வந்து தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது அந்த ட்யூபைத்தான். அதில் மூன்று மருந்துகள் இருந்தன: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், வீரியமான ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டு மங்குக்குப் பயன்படுத்துவதுதான், ஆனால் மருத்துவர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் என்றார். மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துவிடும். என் முகத்தில் இருந்த எரிச்சலும் தாடையோரம் வளர்ந்த முடியும் அதன் வேலை.

பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா நிறத்தில் ஒளிரும் ஒரு விளக்கைக் கன்னத்தருகே பிடித்து, கையில் ஒரு கண்ணாடியும் கொடுத்தார். வுட்ஸ் விளக்கு என்று பெயர். அந்த வெளிச்சத்தில் சில இடங்கள் மை தடவியது போல் எடுப்பாகத் தெரிந்தன. சில இடங்கள் சுற்றியிருக்கும் தோலோடு கலந்துவிட்டன. எடுப்பாகத் தெரிவது மேல்தோலில் இருக்கும் நிறமி, மருந்துக்குச் சீக்கிரம் வழிவிடும். கலந்து தெரிவது ஆழத்தில் இருப்பது, மெதுவாகத்தான் குறையும். எனக்கு இரண்டும் இருந்தன.

"வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது பக்கம். என் இடது கன்னம்தான் கொஞ்சம் கூடுதலாகக் கருத்திருந்தது! வெயிலில் போவதே இல்லையே என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. மங்கு உள்ள இடத்தில் நிறமி செய்யும் செல்கள் சின்னத் தூண்டுதலுக்கே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. பரம்பரையும் ஹார்மோனும் அவற்றைத் தயார் நிலையில் வைக்கின்றன, வெளிச்சம் முடுக்கிவிடுகிறது. புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி கண்ணாடி வழியாக வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைத் தூண்டும்.

அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அதுதான் ஓரளவு தடுக்கும். நான் முன்பு போட்டுக்கொண்டிருந்தது பொட்டளவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கி, இரண்டையும் முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும் என்று காட்டினார். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும். என்னைக் கேட்டால், இந்த இரண்டு கோடுகள்தான் பாதி மருத்துவம்.

மகப்பேறு மருத்துவரிடம் பேசி கருத்தடை மாத்திரையை விட்டுவிட்டு, ஹார்மோன் இல்லாத காப்பர்-டிக்கு மாறினேன். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியது மிகக் கஷ்டமான கட்டம். ஏறக்குறைய இரண்டு மாதம் மென்மையான க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். முகம் தீயாய் எரிந்த இரவுகளில் அந்தப் பழைய ட்யூபைக் கை தேடும். குப்பையில் போட்டுவிட்டதால் தப்பித்தேன்.

அப்புறம்தான் சிகிச்சை. இரவில் 20 சதவீத அசிலாயிக் ஆசிட் கிரீம். போட்டதும் பத்து நிமிடம் குறுகுறுவென்று அரிக்கும், இரண்டு வாரத்தில் அது பழகிவிட்டது. மூன்று மாதம் கழித்து 4 சதவீத ஹைட்ரோகுவினோன், சரியாக 12 வாரம், பிறகு நிறுத்தம். வருடக்கணக்கில் போட்டால் நீலக்கருப்பாக நிலைத்துவிடும் வேறொரு கறை வரலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை பற்றியும் பேசினோம். மங்குக்கும் கொடுக்கும் அந்த மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டலாம், அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்ததால் எனக்கு வேண்டாம் என்றார். லேசரில் ஒரேயடியாகப் போகாதா என்று கேட்டேன். மாநிறத் தோலில் லேசரின் சூடே மங்கைக் கூட்டிவிடலாம், போனாலும் திரும்பலாம் என்றார். அவசரப்படுத்தாத மருத்துவர் கிடைத்தது என் பாக்கியம்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதே ஜன்னல், அதே காலை நேரம், ஒரு போட்டோ. மூன்றாவது மாதப் படத்தைப் பார்த்து மனம் உடைந்துபோனேன், ஒன்றுமே மாறாதது போல இருந்தது. ஆறாவது மாதம் முதல் படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மேலுதட்டின் மேல் இருந்தது ஏறக்குறைய இல்லை. கன்னத்தில் வெளிறிய நிழல் மட்டும்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மூன்று நாள் வெளியில் அலைய வேண்டியிருந்தது, சன்ஸ்கிரீனைத் திரும்பப் பூச நேரம் அமையவில்லை. இடது கன்னத்தில் அந்த நிழல் கொஞ்சம் அழுத்தமாகியிருக்கிறது. இந்த முறை தேய்த்துக் கழுவவில்லை. ஓய்வு கொடுத்திருந்த அசிலாயிக் ஆசிட்டை இரவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றாம் தேதி போட்டோ எடுக்க வேண்டும்.