அடுப்பெரியாத வீட்டிலும் சிம்னிக்கு மூடி வேண்டும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட செங்கல் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் கணப்படுப்பில் விறகு எரிப்பதில்லை. அடுப்பின் வாயை மறைத்துக்கொண்டு தொலைக்காட்சி நிற்கும். சில வீடுகளில் அதன் மேற்தட்டு சாமிப்படங்களுக்கு வாய்ப்பான இடமாகிவிடும். அடுப்பே எரியாதபோது கூரைமேல் நிற்கும் சிம்னியைப் பற்றி யாருக்குக் கவலை? ஆனால் அந்தச் செங்கல் தூணுக்குள் பல வீடுகளில் இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒன்று கணப்படுப்புக்கு உரியது. மற்றது பேஸ்மென்டில் இருக்கும் சுடுநீர்த் தாங்கியின் புகையையும், பழைய ஃபர்னஸ் இருந்தால் அதன் புகையையும் வெளியே கொண்டுசெல்வது. வீட்டில் ஒருவர் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அது உழைக்கிறது. அப்படி ஆண்டு முழுவதும் உழைக்கும் துளையை மழைக்கும் பனிக்கும் திறந்துபோட்டிருப்பது எவ்வளவு செலவில் முடியும் என்பதை வீட்டுக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிம்னியின் உச்சியில் செங்கல் வரிசை முடியும் இடத்தில் சிமெந்தால் ஒரு சரிவான தளம் போட்டிருப்பார்கள். அதன் நடுவே சுடுமண் குழாய் சில அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் வாய்க்கு மேலே, புகை வெளியேறப் பக்கங்களில் இடம்விட்டு, உலோகத் தகட்டால் குடைபோல் பொருத்துவதுதான் மூடி. பெரும்பாலும் அதன் நான்கு பக்கமும் வலை இருக்கும். பார்வைக்கு அற்பமான பொருள். அது செய்யும் வேலைகளில் முதலாவது தண்ணீரைத் தடுப்பது; விலங்குகளைத் தடுப்பது அதற்கு அடுத்ததுதான். விற்பவர்கள் ரக்கூன் படத்தைப் போட்டு விற்பதால் பலருக்கு இந்த வரிசை தலைகீழாகப் பதிந்துவிட்டது.

ரொறன்ரோவின் குளிர்காலம் ஒரே சீராக உறைந்து கிடப்பதில்லை. பகலில் சுழியத்துக்குச் சற்று மேலே போய், இரவில் கீழே இறங்கி, மறுநாள் மீண்டும் உருகுகிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். குழாய்க்குள்ளும் செங்கல் இணைப்புகளுக்குள்ளும் புகுந்த ஈரம் ஒவ்வொரு முறை உறையும்போதும் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கிறது. உள்ளே படிந்திருக்கும் கரியோடு அது சேர்ந்தால் அமிலத்தன்மை பெற்றுச் சாந்தையும் தின்னத் தொடங்குகிறது. விளைவை நீங்களே தெருவில் நின்று பார்க்கலாம்: கூரைக்குக் கீழே அதே வயதுச் செங்கற்கள் புதிதுபோல் இருக்க, கூரைக்கு மேலே உள்ளவற்றின் முகம் மட்டும் தகடு தகடாக உதிர்ந்து, உள்ளிருக்கும் வெளிறிய பகுதி தெரியும். சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படிவு ஓடியிருக்கும். கணப்படுப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் மெல்லிய ஓட்டுச் சில்லுகள் கிடக்கும். ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் மங்கிய செம்மஞ்சள், விளிம்பில் விரல் பட்டால் பொடியும். அவை மேலிருக்கும் சுடுமண் குழாயின் உட்புறம் உரிந்து விழுந்தவை. மூடி போடும் செலவையும், கூரைக்கு மேலுள்ள பகுதியைப் பிரித்து மீண்டும் கட்டும் செலவையும் ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டுப் பாருங்கள். மேற்கொண்டு நான் வாதிடத் தேவையிருக்காது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதை மூடி விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கன மீற்றர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. முன்பு ஃபர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் சேர்ந்து அந்தக் குழாயைச் சூடாக வைத்திருந்ததால் ஆவி வெளியே போய்விடும். இப்போது பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு உயர்திறன் ஃபர்னஸ் போடும்போது அதன் புகையைப் பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரில் விட்டுவிடுகிறார்கள். அகன்ற அந்தச் சிம்னியில் சுடுநீர்த் தாங்கி மட்டும் தனித்து விடப்படுகிறது. அதன் சொற்பச் சூடு போதாமல் ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் நீராக வழிகிறது. இதற்கு மூடி மருந்தாகாது. அளவுக்கேற்ற உலோக உட்குழாய் ஒன்றை மேலிருந்து இறக்கி, அதற்குரிய மூடியையும் பொருத்த வேண்டும். ஃபர்னஸ் மாற்றிய வீட்டுக்காரர்கள், உட்குழாய் போட்டார்களா என்று பழைய பற்றுச்சீட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனி ரக்கூன். கணப்படுப்பின் தொண்டைக்குச் சற்று மேலே புகைத்தட்டு என்று ஒரு சமதளம் உண்டு. குட்டி ஈனப்போகும் தாய்க்கு அதைவிட இருளான, பத்திரமான இடம் கிடைக்காது. வசந்த காலத்தில் அடுப்புக்குப் பின்னாலிருந்து பறவைக் குஞ்சுகளின் சத்தம்போல் கேட்டால் அது பெரும்பாலும் ரக்கூன் குட்டிகள்தான். புகைபோட்டு விரட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நடக்க முடியாத குட்டிகள் வெந்து சாகும், சிம்னியும் அடைபடும். பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடவும் முடியாது. பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. குட்டிகள் வளர்ந்து தாய் தானாக வெளியேறும்வரை பொறுப்பது, அல்லது தாயையும் குட்டிகளையும் சேர்த்தே வெளியேற்றத் தெரிந்த ஆளை அழைப்பது என்ற இரண்டு வழிகளே உண்டு. அதன்பிறகுதான் மூடி.

பறவைகளில் ஒன்றுக்கு மட்டும் நான் இடங்கொடுக்கச் சொல்வேன். சிம்னி உழவாரன் என்ற சிறு பறவை தென்னமெரிக்காவின் அமேசான் படுகையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தின் நடுவே இங்கே வருகிறது. மற்றக் குருவிகளைப்போல் கிளையில் அமர அதன் கால்கள் உதவா. செங்குத்தான சொரசொரப்புச் சுவரில் தொங்கத்தான் முடியும். முன்பு பொந்து விழுந்த முதுமரங்களில் இருந்தது. காடுகள் போனபின் செங்கல் சிம்னிகளுக்கு வந்தது. இப்போது அவற்றையும் நாம் மூடிவருவதால் எண்ணிக்கையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2009இல் கனடா அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கோடை மாலையில் இருட்டும் நேரம் சின்னப் பறவைகள் உங்கள் சிம்னிக்குள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கண்டால், அவை போகும்வரை மூடியைப் பற்றிய பேச்சையே எடுக்காதீர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

மூடி இல்லாமை ஒரு பக்கம் என்றால், போட்டுவிட்டு மறப்பது மறுபக்கம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்ததால், காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பி, ஹோக்கின்ஸ் குடும்பத்தின் நால்வரும் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக 2013இல் நிறைவேறிய ஹோக்கின்ஸ் கிஞாக் சட்டத்தால்தான் இன்று நம் வீடுகளில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாகியிருக்கிறது. இலைச் சருகு, கூடு, உதிர்ந்த ஓட்டுச் சில்லு, கடுங்குளிரில் உறையும் நீராவி என்று புகைவழியை அடைக்கக் கூடியவை பல. இவற்றில் சிலவற்றை மூடி தடுக்கிறது. கவனிக்காமல் விட்டால் அந்த மூடியின் வலையே அடைப்பாகவும் மாறுகிறது.

விறகு எரிப்பவர்கள் இதை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். மேலே ஏறும் புகை குளிர்ந்த உலோகத்தைத் தொடும் இடம் அந்த வலைதான். ஆகவே விறகின் தார் அங்கே எளிதில் படிகிறது, ஈர விறகென்றால் இன்னும் அதிகமாக. வலையின் கண்ணளவு சிறிதானால் விரைவில் அடைபடும், பெரிதானால் தீப்பொறி வெளியே பறக்கும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் கண்ணளவை 3/8 அங்குலத்துக்கும் 1/2 அங்குலத்துக்கும் இடையில் வைக்கச் சொல்கின்றன. வலையின் மொத்தத் திறப்பு குழாய் வாயின் பரப்பைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. எரிவாயுப் புகைக் குழாய்க்கு இந்த வலை மூடி ஆகவே ஆகாது. அதற்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மூடி உண்டு. கடையில் கையில் அகப்பட்டதை வாங்கிவந்து இரண்டு துளைக்கும் ஒரே மாதிரி மாட்டிவிடும் வழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எதை வாங்குவது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. துத்தநாகம் பூசிய, கருப்புச் சாயம் அடித்த தகர மூடி மலிவு. சில குளிர்காலங்களில் துருவேறி, அந்தத் துரு செங்கல்லிலும் கோடாக இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். செப்பு அழகுதான், பணம் இருப்பவர்களுக்கு. முடிந்தால் குழாயை மட்டும் மூடாமல் சிமெந்துத் தளம் முழுவதையும் மறைக்கும் அகன்ற மூடியாகக் கேளுங்கள். அந்தத் தளத்தில் விரிசல் விழுந்துதான் பாதிச் சிம்னிகள் கெடத் தொடங்குகின்றன. பயன்படுத்தாத துளையையும் காற்றுப்புகாமல் அடைத்துவிடக் கூடாது, உள்ளே ஈரம் தங்கும்.

பராமரிப்புக்கு நீங்கள் கூரை ஏற வேண்டியதில்லை, ஏறவும் கூடாது. ஒரு தொலைநோக்கியோடு பின்வளவில் நின்று, மூடி சாய்ந்திருக்கிறதா, வலை கறுத்துத் தடித்திருக்கிறதா, துரு ஓடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெருங்காற்று அடித்த மறுநாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விறகு எரித்தால் ஆண்டுக்கொரு முறை, விறகு அடுப்புகளையும் சிம்னிகளையும் சோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்றவரை அழைத்துச் சோதிப்பது நல்லது. காப்புறுதி நிறுவனங்களும் அந்த அறிக்கையைக் கேட்பதுண்டு. எரிவாயுவோடு தொடர்புள்ள வேலை என்றால் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பர்தான் கைவைக்க வேண்டும். அழைக்காமலே கதவைத் தட்டி, "உங்கள் சிம்னி விழப்போகிறது" என்று சொல்பவரிடம் படம் கேளுங்கள். படம் காட்டுவார். அதில் உள்ள செங்கல்லின் நிறம் உங்கள் வீட்டுச் செங்கல்லின் நிறம்தானா என்று வாசலில் இறங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் செப்டெம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. அதற்குள் உழவாரன் தெற்கே போயிருக்கும், ரக்கூன் குட்டிகள் வளர்ந்து வெளியேறியிருக்கும், சிமெந்துத் தளத்தில் விரிசல் இருந்தால் மூடிக்கு முன் அதைச் சரிசெய்து சாந்து இறுகுவதற்கு வேண்டிய வெயிலும் இருக்கும். முதற்குளிர் தொட்டவுடன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிம்னி நினைவு வரும். ஆகையால் ஓகஸ்டிலேயே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, வேலைக்கு ஒரு நாளைக் குறித்து முற்பதிவு செய்துகொள்ளுங்கள்.