பள்ளி வாரிய உறுப்பினரான பின்பும் ரோபாட்டிக்ஸ் அணியில்: மிச்சிகன் சட்டத்துக்குள் வழி கண்ட கதை

டெட்ராய்ட்டின் புறநகரில், அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் ஒன்றின் வாரியத்துக்கு நவம்பர் தேர்தலில் நான் தேர்வானபோது, வாழ்த்துச் சொன்ன பெற்றோர்கள் பலர் கையோடு கேட்டது, இனி ரோபாட்டிக்ஸ் அணியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். வாகனத் துறையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரைப் போல நானும் மாலை நேரங்களில் உயர்நிலைப் பள்ளியின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் (ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் ரோபோ போட்டி) அணிக்கு வழிகாட்டியாக இருந்துவந்தேன். அணிப் பொறுப்பாசிரியர் வேறு ஊருக்கு மாறிச் சென்றுவிட்டதால், அந்தப் பொறுப்பை நான் ஏற்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிச்சிகனில் புதிய உறுப்பினரின் பதவிக்காலம் ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. ரோபாட்டிக்ஸ் பருவமும் ஜனவரித் தொடக்கத்தில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களுக்குள் இதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது.

சம்பளம் வாங்காமல் செய்யும் சேவைக்கு என்ன தடை இருக்க முடியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், மிச்சிகனின் 1978ஆம் ஆண்டு 566ஆம் எண் சட்டம், ஒன்றுக்கொன்று பொருந்தாத பொதுப் பதவிகளை ஒருவரே வகிப்பதைத் தடுக்கிறது. ஒரு பதவி மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டிருந்தாலோ, ஒன்று மற்றொன்றை மேற்பார்வை செய்தாலோ, இரண்டையும் வகிப்பதால் கடமை மீறல் நேர்ந்தாலோ அவை பொருந்தாதவை. பள்ளி வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிக்கிறது, அவர் முதல்வர்களை மேற்பார்வை செய்கிறார், முதல்வருக்குக் கீழே அணிப் பொறுப்பாளர் வருகிறார். அந்த ஏணியின் உச்சியிலும் அடிப்படியிலும் ஒரே ஆள் நின்றால், அவர் செய்வது சரியில்லை என்று முதல்வர் எப்படி வாய்திறந்து சொல்வார்? பொருந்தாத பதவிகள் என்று ஆகிவிட்டால், வாக்கெடுப்பில் விலகி நிற்பதுகூடப் பரிகாரமாகாது, ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்பதே மிச்சிகனில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

அதே சட்டம் பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு ஒரு விலக்கும் தருகிறது. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட மாணவர் செயல்பாடு ஒன்றுக்கு உறுப்பினர் தன்னார்வப் பயிற்சியாளராகவோ மேற்பார்வையாளராகவோ இருக்கலாம். ஆனால் அவர் ஊதியம் எதுவும் பெறக் கூடாது. அப்பொறுப்பில் இருக்கும் காலத்தில் அச்செயல்பாடு தொடர்பான விஷயங்களில் வாக்களிக்கக் கூடாது. அவரை விட்டால் அந்தக் காலியிடத்துக்குத் தகுதியான விண்ணப்பதாரர் வேறு யாரும் இருக்கக் கூடாது. அவருடைய குற்றப் பின்னணிச் சோதனை முடிவுகள் நியமிப்பவரின் கைக்கு வந்திருக்க வேண்டும். நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும்.

ஊதிய நிபந்தனையில் சிக்கல் இல்லை; பொறுப்பாளருக்கான சிறு ஊக்கத்தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பின்னணிச் சோதனைக்குக் கைரேகை கொடுக்கச் சென்ற நாளில் குளிர் கடுமையாக இருந்தது. விரல்கள் வறண்டு, கண்ணாடித் தட்டில் வைத்த ரேகை ஒவ்வொன்றையும் கருவி நிராகரித்தது. பணியில் இருந்த பெண்மணி மேசையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்துத் தேய்க்கச் சொன்ன பிறகே வேலை முடிந்தது. ஃபர்ஸ்ட் அமைப்பு பொறுப்பு வழிகாட்டிகளுக்கென்று தானும் ஒரு சோதனை நடத்துகிறது. அதில் தேறியிருப்பதைக் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டம் கேட்பது வேறு.

உண்மையில் காலம் பிடித்தது, தகுதியான வேறு விண்ணப்பதாரர் இல்லை என்பதை நிலைநாட்டுவதுதான். ‘யாரும் முன்வர மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாதா?’ என்று முதல்வர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது? மனிதவளப் பிரிவு அந்தப் பொறுப்புக்கு முறையாக அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். அறிவிப்பின் முதல் வரைவில், போட்டி ரோபோ வடிவமைப்பில் பல ஆண்டு அனுபவம் வேண்டும் என்றிருந்தது. என் அளவுக்குத் தைத்த சட்டை அது. அதை நீக்கச் சொல்லி, மாணவர் குழுவை நடத்தும் திறன் போதும் என்று மாற்றிய பிறகே வெளியிட்டார்கள். கெடு முடியும்வரை விண்ணப்பம் ஏதும் வரவில்லை என்பதைக் கண்காணிப்பாளர் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கோப்பில் வைத்தார். பின்னாளில் யாரேனும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டிய தாள் அது.

வாக்களிப்பிலிருந்து விலகுவது சுலபம் என்று எண்ணியிருந்தேன். மிச்சிகனின் பள்ளிச் சட்டப்படி, வாரியத்தின் தீர்மானம் செல்லுபடியாக, வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது; பதவியில் உள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆதரிக்க வேண்டும். ஏழு பேர் கொண்ட வாரியத்தில் நான்கு வாக்குகள் வேண்டும் என்று பொருள். ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கான மாநில நிதியுதவியை ஏற்கும் தீர்மானம் வந்த இரவில் ஐந்து பேர்தான் வந்திருந்தோம். நான் விலகியதும், மீதமிருந்த நால்வரும் ஆதரித்தால் மட்டுமே அது நிறைவேறும் என்ற நிலை. எனது விலகல் நடைமுறையில் எதிர்ப்பு வாக்குக்குச் சமமானது. பல தீர்மானங்களை ஒரே வாக்கில் நிறைவேற்றும் ஒப்புதல் பட்டியலில் பத்தோடு பதினொன்றாக வந்த அந்தத் தீர்மானத்தைத் தனியே பிரித்தெடுக்கச் சொல்லி, விலகலும் அதன் காரணமும் கூட்டக் குறிப்பில் பதிவாவதையும் உறுதிசெய்துகொண்டேன். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் அன்று இன்னொருவர் வராமல் போயிருந்தால் அது நிறைவேறியிருக்க வழியே இல்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மாவட்டத்தின் வழக்கறிஞருக்கு வாரியம்தான் கட்சிக்காரர். தனி உறுப்பினர் அல்ல. நான் கண்காணிப்பாளர் வழியாகக் கேள்வியை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே பெற்றேன். புத்தகக் கண்காட்சியில் மேசை போடுவது, விளையாட்டு நாளில் தண்ணீர் கொடுப்பது போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை என்றும், யாரையும் மேற்பார்வை செய்யாத ஒருநாள் உதவிக்கு மற்றப் பெற்றோரைப் போல வரவேற்பறையில் பெயர் பதிந்து உள்ளே போனால் போதும் என்றும் அதில் இருந்தது.

பட்டறையில் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் பெற்றோராவது பட்டறை வாசலில் ஓர் ஆசிரியரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால், முதல்வரிடம் போகச் சொல்லி அத்தோடு நிறுத்திவிடுவேன். வாரியம் கூட்டத்தில் கூடி முடிவெடுக்கும்போதுதான் அதிகாரம்; பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் தனி உறுப்பினருக்கு அது கிடையாது.

மறு பருவத்துக்கு மீண்டும் அறிவிப்பு வெளியிட்டபோது அறிவியல் ஆசிரியை ஒருவர் விண்ணப்பித்தார். தகுதியான ஒருவர் வந்துவிட்டதால் எனக்கான விலக்கு அத்துடன் முடிந்தது. இப்போது அணி அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் அழைக்கும் சில சனிக்கிழமைகளில் மட்டும் பெயர் பதிந்துவிட்டுப் போய்ப் பற்சக்கரப் பெட்டி பொருத்த உதவுகிறேன். ரோபாட்டிக்ஸ் நிதி வாக்கெடுப்புக்கு வரும்போது, இனி விலகத் தேவையில்லை என்ற எழுத்துமூலப் பதில் கைக்கு வரும்வரை விலகியே இருப்பதாகக் கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.