தயக்கமும் தொனியும்: லாவோ பேசப் பழகிய அனுபவம்

வேலையின் பொருட்டு லாவோஸின் தலைநகரான வியஞ்சானில் குடியேறி லாவோ மொழியைக் கற்கத் தொடங்கியபோது இலக்கணம் எனக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. வினைச்சொல் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபுகள் இல்லை. தமிழின் விகுதிகளோடு வளர்ந்த ஒருவருக்கு இவையெல்லாம் சலுகைகளாகவே தோன்றும். தடை முழுவதும் ஒலியில் இருந்தது. வியஞ்சான் பேச்சில் ஆறு தொனிகள் உள்ளதாகப் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். ‘கை’ என்ற ஒரே அசையைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் ‘தொலைவு’ என்று பொருள். சமமான நடுத்தொனியில் சொன்னால் ‘கோழி’. உயரத்தில் தொடங்கி இறக்கினால் ‘அருகில்’. தொலைவும் அருகும் தொனியால் மட்டுமே வேறுபடும் மொழியில், உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுங்கள் என்று நண்பர்கள் சொல்லும் ஆறுதல் அதிக தூரம் செல்லாது.

பாராட்டும் துணைக்கு வரவில்லை. ‘சபாய்டீ’ என்று வணக்கம் சொன்ன மறுகணமே ‘கெங்’, அதாவது கெட்டிக்காரர் என்று பெயர் கிடைத்துவிடும் ஊரில், அந்தப் பாராட்டை வைத்து நம் முன்னேற்றத்தை அளந்துகொள்ள முடியாது. மறுபுறம், நான் கவனமாகக் கட்டிய ஒரு வாக்கியத்தைக் கேட்ட கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் வாய் திறக்க மனம் வராது. கற்பதற்கான வசதிகளும் குறைவு. அண்டை நாடான தாய்லாந்தின் தாய் மொழிக்குக் கிடைக்கும் பாடங்களில் ஒரு சிறு பங்குகூட லாவோவுக்கு இல்லை. தாய் தொலைக்காட்சியைப் பார்த்துப் பழகிய லாவோ மக்கள் தாய் உச்சரிப்பையும் எளிதில் புரிந்துகொள்வதால், நாம் எந்த மொழியின் ஒலியைப் பழகுகிறோம் என்பதே சில நேரங்களில் குழம்பிவிடுகிறது.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியைதான் முதன்முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தார். தனிச்சொற்களாகக் கேட்டால் நான் தொனிகளை ஓரளவு சரியாகவே சொல்வதாகவும், வாக்கியத்தில் வைத்துப் பேசும்போது கடைசி அசையில் என் குரல் மேலே ஏறிவிடுவதாகவும் அவர் சொன்னார். ‘சரிதானே?’ என்று கேட்பதுபோல, ஐயத்தோடு பேசுகிறவரின் குரல் இயல்பாகவே இறுதியில் உயர்கிறது. தமிழில் அதனால் பொருள் கெடாது. லாவோவில் கடைசிச் சொல்லின் தொனியே மாறிப்போகிறது. கேள்வி கேட்பதற்குக்கூட அங்கே ‘போ’ என்ற இடைச்சொல் இறுதியில் வருமே தவிர, குரலை உயர்த்த வேண்டிய கட்டாயம் இல்லை. தன்னம்பிக்கை என்பது நன்றாகப் பேசக் கற்ற பிறகு வந்துசேரும் பரிசு என்றே அதுவரை நினைத்திருந்தேன். இந்த மொழியிலோ தயக்கம் நேரடியாக உச்சரிப்பையே கெடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் குரலுக்கு ஒரு நிலையான தளத்தைத் தேடினேன். லாவோ எழுத்தில் மெய்கள் உயர், நடு, தாழ் என மூன்று வகுப்புகளாகப் பிரிகின்றன. ஒரே தொனிக்குறி வகுப்புக்கு ஏற்ப வேறு வேறு விதமாக ஒலிக்கக்கூடும். ஆனால் ‘மாய் ஏக்’ என்ற குறி இட்ட அசை, வியஞ்சான் பேச்சில், மூன்று வகுப்புகளிலும் சமமான நடுத்தொனியிலேயே ஒலிக்கும். அத்தகைய சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சுருதி சேர்ப்பதுபோல நாள்தோறும் சொல்லி, மற்றத் தொனிகளை அதிலிருந்து மேலும் கீழுமாக அளந்துகொண்டேன். லாவோ தேசிய வானொலியின் செய்தியிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அதே வேகத்தில் நானும் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது இன்றும் தொடர்கிறது. சொந்தக் குரலைக் கேட்பது இனிமையான அனுபவம் அன்று. ஆனால் சென்ற மாதப் பதிவு கைவசம் இருந்தால், முன்னேறியிருக்கிறோமா என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, பொருளைக் கெடுக்கும் பிழைகளையும் நான் எங்கிருந்து வந்தவன் என்பதை மட்டும் காட்டும் சாயல்களையும் பிரித்துக்கொண்டேன். வாத்து, காரம் ஆகிய இரண்டையும் தமிழ் எழுத்தில் ‘பெட்’ என்றுதான் எழுத முடியும். வாத்துக்கு மூச்சு வெளிவராத பகரம், காரத்துக்கு மூச்சோடு கூடிய பகரம். இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது என்பதால், தொடக்கத்திலேயே லாவோ எழுத்தைக் கற்றுக்கொள்வது நல்லது. சொல்லின் இறுதியில் வரும் ‘ட்’ வெடிக்காமல் வாய்க்குள்ளேயே நிற்க வேண்டும். நம் நாக்கோ அதைப் ‘பெட்டு’ என்று உகரம் சேர்த்து முடிக்கவே விரும்பும். இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தமிழ் தரும் முதலீடும் சிறிதல்ல. குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வந்தது. சொல்லின் முதலில் வரும் ஞகரத்துக்காகத் தமிழர் யாரும் திணறத் தேவையில்லை. ஙகரத்தில் தொடங்கும் சொற்களும், ‘ஙப்போல் வளை’ படித்த வாய்க்குச் சில நாள்களில் பழகிவிடுகின்றன.

எஞ்சிய சாயலை நான் இப்போது திருத்த முயல்வதில்லை. லாவோஸில் அதிகாரபூர்வமாக ஐம்பது இனக்குழுக்கள் உள்ளன. லாவோ இனத்தவர் மக்கள்தொகையில் பாதியைச் சற்றே தாண்டுவர். மற்றவர்களில் பலர் ஹ்மோங், கம்மு போன்ற தாய்மொழிகளிலிருந்து லாவோவுக்கு வந்தவர்கள். கம்முவின் சில கிளைகளில் தொனியே கிடையாது. வடக்கு நகரமான லுவாங் பிரபாங்கின் லாவோவில் ஐந்து தொனிகள்தாம். சந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் ஒரே சொல் பல விதமாக ஒலிப்பதையும், அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்காததையும் கவனிக்கலாம். என் பெயரிலுள்ள ரகரத்தை அலுவலகத்தில் அனைவரும் லகரமாகவே ஒலிக்கிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றியதில்லை என்பதால், என் லாவோவில் மிஞ்சும் தமிழையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

தொலைபேசி மட்டும் இன்னும் வசப்படவில்லை. முகமும் கையசைவும் இல்லாத இடத்தில் பழைய ஐயம் திரும்பி, வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறத் தொடங்குகிறது. அதனால் தண்ணீர் கேன் கொண்டுவரச் சொல்வது போன்ற சிறு வேலைகளைச் செயலியில் முடிக்காமல், வேண்டுமென்றே தொலைபேசியில் பேசி முடிக்கிறேன்.