ஐயாவின் பென்சில் பட்டியல்

ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய 41 குறிப்புகள் என் வேதாகமத்துக்குள் இன்றும் இருக்கின்றன. எழுதியவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, அச்சுக்குப் போகவிருக்கும் புத்தகத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தார்.

1998இல் ராயப்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்தேன். புரூஃப் ரீடர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஈய எழுத்துக் காலத்தில் கம்போசிட்டராகத் தொடங்கி, கண்ணாடியின் தடிமன் கூடக் கூடத் திருத்தும் மேசைக்கு வந்தவர் ஐயா. மூலப்படியை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அவர் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டே வருவார். அப்புறம் இடம் மாறி அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். "ஒரே ஆள் ரெண்டு தடவை பார்த்தா அதே பிழையை ரெண்டு தடவை விடுவான். ரெண்டு ஆள் பார்க்கணும்மா" என்பார்.

சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம் நான் வேதம் வாசிப்பது வழக்கம். முதல் வருடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டர்ல அடிச்சு, ரெண்டு பேர் படிச்சு, மூணு புரூஃப் பார்த்தும் நமக்குப் பக்கத்துக்கு ஒரு பிழை நிக்குது. ஆயிரக்கணக்கான வருஷம் கையால எழுதி எழுதி வந்த புஸ்தகம் இது. இதை எப்படி நம்புறே?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்த இன்னொருவரிடம் கேட்ட கேள்வி அது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்ற வசனத்தைச் சொன்னேன். "அது அந்தப் புஸ்தகமே தன்னைப் பத்திச் சொல்றதும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். என்னிடம் வேறு பதில் இல்லை.

2003இல் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு கூட்டுறவு சங்கத்தின் துணைவிதிப் புத்தகம், 500 பிரதி. அடுத்தடுத்த இரண்டு விதிகளும் "உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால்" என்றே தொடங்கின. வாசிக்கும்போது என் கண் முதல் விதியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. இறந்தவரின் பங்குத்தொகை யாருக்குப் போகும் என்ற விதியே காணாமல் போய்ப் புத்தகம் அச்சாகி, தைத்தும் முடிந்துவிட்டது. சங்கத்தின் பழைய கோப்பில் கிடந்த தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. விட்டுப்போன விதியைத் தனிச் சீட்டில் அடித்து 500 பிரதியிலும் உட்கார்ந்து ஒட்டினோம். ஐயா என்னோடு இரவு பத்து மணி வரை ஒட்டினார். திட்டவில்லை. "பழைய பிரதி ஒண்ணு இருந்ததாலதான் தப்பிச்சோம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது.

அது எதற்காகத் தங்கியது என்று எனக்கு 2011இல் புரிந்தது. 1947இல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளை எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் அந்த ஆண்டு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள், கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. அலுவலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு எபிரேயு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் 40ஆம் அதிகாரம் இருக்கும் பத்தியில் கை நின்றுவிட்டது. வரிக்கு மேலே சின்ன எழுத்தில் யாரோ ஒரு சேர்க்கையை நுழைத்திருக்கிறார். இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறார். நாங்கள் தினமும் செய்கிற வேலை அது.

எது விட்டுப்போயிருந்தது என்று தேடிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற வார்த்தைகள் ஏழாம் வசனத்திலும் வருகின்றன, எட்டாம் வசனத்திலும் வருகின்றன. எழுதியவரின் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, நடுவில் இருந்தது விட்டுப்போயிருக்கிறது. என் கூட்டுறவு சங்க விதியைப் போலவே! பின்னால் வந்த இன்னொரு கை வேறு பிரதியைப் பார்த்து அதைச் சேர்த்திருக்கிறது. கர்த்தருடைய நாமம் வரவேண்டிய இடத்தில், எழுத அஞ்சி, நான்கு புள்ளிகள் மட்டும் வைத்திருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அந்தப் பகுதி இல்லாததால் சுருக்கமான வாசகமே பழையது என்று நினைக்கும் அறிஞர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், திருத்தம் விழுந்த இடத்தை அடுத்து வருவது "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்ற வார்த்தைகள்.

ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, திரையருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "நல்ல ஆளு. அடிச்சு மறைக்காம, எங்க விட்டுதோ அங்கேயே தெரியும்படி வச்சிருக்கான்" என்றார்.

அன்றைக்குத்தான் 1999இல் அவர் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொன்னேன். எபிரேய வேதாகமத்தின் முழுமையான பழைய கையெழுத்துப் பிரதி 1008ஆம் ஆண்டுக்குரியது. கும்ரான் சுருளுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் வருடம். இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடுகள் நிறையவே உண்டு. பெரும்பாலும் எழுத்துக்கூட்டல், அங்கங்கே சொற்கள். ஆனால் ஏசாயா அதே ஏசாயாதான். புதிய ஏற்பாட்டுக்கோ கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், துண்டுகளையும் சேர்த்து. ஒரே ஒரு பிரதி இருந்திருந்தால் அதில் பிழை எது என்று யாராலும் சொல்ல முடியாது. தேவன் தம்முடைய வார்த்தையை ஒரு பெட்டியில் பூட்டி வைக்காமல் ஊர் ஊராக, கை கையாகப் பரவவிட்டதால்தான் ஒரு கையின் தவறை இன்னொரு கை காட்டிக்கொடுக்கிறது. ரெண்டு ஆள் பார்க்கணும் என்று ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இது.

"சரி, பிரதி சரியா வந்திருக்குன்னே வச்சுக்குவோம். பிழையில்லாம அச்சான பொய்யும் உண்டேம்மா" என்றார். அப்புறம் என் வேதாகமத்தைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டு மாதம் வைத்திருந்தார். பெரியார் திடலுக்குக் கூட்டம் கேட்கப் போகிறபோதும் அது அவர் பையில் இருந்ததாம். திடல் இருக்கும் அதே வேப்பேரியில்தான் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸ் தமிழ் வேதாகமத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். புதுச்சேரி 1761இல் விழுந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சு இயந்திரத்தை அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். நான் அயனாவரத்திலிருந்து வேலைக்கு வரும் பேருந்து வேப்பேரியைத் தாண்டித்தான் வரும். அந்தத் தெருக்களில் எங்கோ ஒருவர் மெய்ப்பு பார்த்திருப்பார் என்ற நினைப்பு எனக்குத் தினமும் வரும்.

பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் பழைய புணர்ச்சிகள். அவற்றுக்கு அவரே "பிழையல்ல, அக்கால வழக்கு" என்று எழுதியிருந்தார். என் பிரதியில் அச்சு தேய்ந்து புள்ளி விழாத இடங்கள் சில. பத்துக் கட்டளைகளுக்குப் பக்கத்தில் "இங்கே கவனம்" என்று மட்டும் ஒரு குறிப்பு. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். 1631இல் லண்டனில் அச்சான ஓர் ஆங்கில வேதாகமத்தில் ஏழாம் கட்டளையில் ஒரு சிறு எதிர்மறைச் சொல் விட்டுப்போய், விபசாரம் செய் என்று கட்டளை ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். அதை அவரிடம் சொன்னதே நான்தான். தமிழில் இப்படிப்பட்ட கட்டளையில் எதிர்மறை தனிச் சொல்லாக நிற்பதில்லை, வினைக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. "செய்யாதிருப்பாயாக" என்பதில் ஒரு "யா" நழுவினால் போதும். நம் மொழியில் இந்த வேலை செய்கிறவர்கள் எவ்வளவு பயத்தோடு உட்கார வேண்டும் என்று அடிக்கடி நினைப்பேன்.

நாற்பதாவது குறிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. "1 யோவான் 5:7. திருவிவிலியத்தில் இல்லை. எது மூலம்?"

பைண்டிங் பிரிவில் இருந்த ஒரு கத்தோலிக்க அண்ணனிடம் 1995இல் வந்த புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வாங்கி ஒப்பிட்டிருக்கிறார். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று நான் சிறுவயதில் ஒப்பித்த வசனம் அதில் இல்லை. விசாரித்தேன். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வார்த்தைகள் இல்லை. லத்தீன் வழியாக வந்தவை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் சேர்க்கவில்லை, 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளுக்குப் போய், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கும் வந்துவிட்டது. மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு பெரிய பிரதிகளில் இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

எங்கள் ஆயரிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. "நாலாம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக, அதாவது மூவரும் ஒரே தேவன் என்பதற்காக, வாதாடிய கிரேக்கப் பிதாக்கள் யாரும் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவில்லை. அது இல்லாமலேதான் அந்த விசுவாசம் நின்றது" என்று விளக்கினார். என் மனம் அமர்ந்தது. ஆனால் ஒரு வருத்தம் இன்னும் உண்டு. இதை எனக்கு ஒரு நாத்திகர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. சபையில் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன? ஓரத்தில் தெரியும்படி சேர்த்து வைத்த அந்தக் கும்ரான் திருத்துநருக்கு இருந்த துணிச்சல் நமக்கும் வேண்டும். மனிதக் கை சேர்த்ததை மனிதக் கை சேர்த்தது என்று சொல்வதால் தேவனுடைய வார்த்தை குறைந்துபோகாது என்று நான் நம்புகிறேன்.

ஐயா சொன்ன பொய் விஷயத்துக்கு என் பதிலும் எங்கள் மேசையிலிருந்துதான் வந்தது. எத்தனை மணிவிழா மலர்கள், எத்தனை வாழ்க்கை வரலாறுகள் அச்சிட்டிருப்போம்! ஒவ்வொன்றிலும் குடும்பத்தார் கடைசி நேரத்தில் ஒரு பத்தியை அடிக்கச் சொல்வார்கள். முதல் மனைவி, கடன், தம்பியோடு நடந்த வழக்கு எல்லாம் போய்விடும். தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்தது அப்படியே இருக்கிறது. சபையின் தூணான பேதுரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. யாரும் அடிக்கவில்லை. இது நிரூபணம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அடிக்கச் சொல்லும் தொலைபேசி அழைப்புகளை வருடக்கணக்கில் எடுத்தவள் என்பதால், அடிக்காமல் விட்டிருப்பதன் கனம் எனக்குத் தெரிகிறது.

41ஆவது குறிப்பைத் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். "பிழையல்ல, கேள்வி. 2 தீமோத்தேயு 4:13. மேலங்கி கேட்டதும் தேவ ஆவியினாலா?"

பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார்: துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவிட்டு வந்த மேலங்கியையும், புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா. தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று சொல்லும் அதே நிருபத்தில், ஒரு பக்கம் தள்ளி.

"ஆமாம் ஐயா" என்றேன்.

"எது கடவுள் சொன்னது, எது அந்த ஆள் சொன்னதுன்னு பிரிச்சுக் காட்டு பார்ப்போம்."

"நீங்க ஈய எழுத்துக் கோத்தவர். க-வுல எது க், எது அ-ன்னு பிரிச்சுக் காட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். எழுத்துப் பெட்டியில் க ஒரே துண்டு. மெய் தானாக ஒலிக்காது, உயிர் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைத்து அறுக்க முடியாது. வசனத்தை எழுதிய கைகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, நடுவில் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறான். லூக்கா எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதியதாகச் சொல்கிறார். எரேமியா தீர்க்கதரிசி சொல்ல, பாருக்கு என்பவர் மையினால் எழுதிய சுருளை ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான், மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்கள். மனிதனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் தேவன் எழுதவில்லை. மனிதனின் குளிரோடும் அவசரத்தோடும் சேர்த்துத் தம் ஆவியை ஊதினார்.

இதையெல்லாம் அன்று இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். கடைசியில், நான்காம் அதிகாரம் 21ஆம் வசனத்தை எடுத்துக் காட்டினேன். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு என்று இருக்கிறது.

கார்த்திகை மாதம் அது, வெளியே நல்ல மழை. இளைப்பு இருந்ததால் ஐயா கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். அந்த வசனத்தை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார்.

"உன் கடவுளைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. இதை எழுதினவன் நிஜமா குளிர்ல இருந்திருக்கான். அது தெரியுது."

வேதாகமத்தை மூடி, பட்டியலை அதற்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, அடுத்த ஃபாரத்தை எடு. நீ வாசி, நான் பார்க்கிறேன்."