பிடி... விடு...

ஸ்காபரோ ஏரிக்கரையில் இருக்கும் புளஃபர்ஸ் பார்க்கில் இருந்து பிரிம்லி வீதியால் மேலே ஏறி வருகிறோம். பாதி ஏற்றத்தில் என் மியாட்டா கார் கத்தத் தொடங்கியது. கத்தியதே தவிர ஏறவில்லை. மூன்றாம் கியர். மிதிக்கிறேன். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3,000த்தில் இருந்து 4,500க்குத் தாவுகிறது. வேகத்தைக் காட்டும் முள் 40ஐ விட்டு அசையமாட்டேன் என்று நிற்கிறது. கடைசியில் இரண்டாம் கியருக்கு இறங்கி, பெற்றோலைத் தடவித் தடவிக் கொடுத்துத்தான் மேலே வந்தேன். நடுவில் சைக்கிளில் ஒருவர் எங்களை முந்திப் போனார். அதை வீட்டில் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி முந்திக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, என்ன மணக்குது? கருவாடு கருகின மாதிரி."

மேற்கூரை திறந்த கார், ஏரிக்காற்று, ஞாயிறு பின்னேரம். இதில் கருவாட்டை நினைக்க ஒரு ஆளால்தான் முடியும். ஆனால் மணம் உண்மைதான். என்ஜினையும் கியர்பொக்ஸையும் பிணைக்கும் கிளட்ச் தட்டு தேயும்போது வரும் அந்த மணத்தை ஒருமுறை மூக்கில் வாங்கியவன் சாகும்வரை மறக்கமாட்டான். நான் "கடற்கரையில ஆரோ பாபிக்யூ போடுறாங்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தக் கார் எங்கள் குடும்பத்துக்குள் வந்த நாளில் இருந்தே வேண்டாத மருமகன். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா இதைக் காட்டியபோது உலகமே வாய் பிளந்ததாம். எங்கள் வீட்டுக்கு முன்னால் நான் கொண்டுவந்து நிறுத்தியபோது மாமி கேட்ட ஒரே கேள்வி, "மிச்ச சீட் எங்கை?" ஸ்காபரோவில் ஒரு தமிழன் வான் இல்லாமல் வாழலாம் என்றே யாரும் நம்புவதில்லை. அரங்கேற்றத்துக்கு ஆறு பேர், விமான நிலையத்துக்கு எட்டுப் பெட்டி, கோயிலுக்கு ஒரு வாழைக்குலை. அதற்கென்று ரொயோட்டா சியன்னா ஒன்று நிற்கிறதுதான். ஆனாலும் இரண்டே சீட், எழும்பி விழும் தவளைக்கண் விளக்கு, நவம்பர் வந்தால் போர்வை போட்டுப் படுத்து ஏப்ரலில் எழும்பும் வழக்கம். மூத்தவள் இதற்கு வைத்த பெயர் 'அப்பாவின்ர செல்லப்பிராணி'.

அப்புறம் என்ன, வைத்தியர்கள் கூடினார்கள். முதலில் மச்சான். அவர் கணக்காளர். ஆனால் கார் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நோய் சொல்வார். "ஸ்லேவ் சிலிண்டர் போட்டுது. உந்தக் காருக்கு அதுதான் வருத்தம்." அவர் சொன்னதில் பாதி சரி. பெடலை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற சிலிண்டர் அது. பழைய மியாட்டாவில் அது ஒழுகுவது ஊரறிந்த கதை. ஆனால் அது போனால் பெடல் தொய்யும், கியர் விழாது, ரிவர்ஸ் போடும்போது பல்லைக் கடிக்கும். என் காரின் நோய் நேரெதிர். கியரெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுகிறது, விழுந்த பிறகுதான் பிடி இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். இருந்தும் சிலிண்டரைத்தான் மாற்றினேன். ஏனென்றால் அது இரண்டு போல்ட் வேலை, கிளட்ச் என்றால் கியர்பொக்ஸை இறக்கவேண்டும். பல்லுவலிக்குக் கண்ணாடி மாற்றிய கதை.

சிலிண்டரை மாற்றினால் குழாயில் காற்று எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே மற்றவர் திருகாணியைத் திறந்து குமிழியோடு எண்ணெயை விட்டு மூட, மேலே இருப்பவர் காலை எடுக்கவேண்டும். நான் காருக்கு அடியில். மனைவி சீட்டில், காதில் போன், மறுமுனையில் மாமி.

"பிடி!" என்கிறேன். பிடிக்கிறார். "விடு!" விடுகிறார். "விடு எண்டு நான் சொல்ல முந்தி விடாதை!" "நான் விடேல்லை, நீங்கள்தான் விடச் சொன்னது." "பிடி! விடாதை... இப்ப விடு!"

பத்து நிமிடம் இப்படியே போனது. முழங்கையால் எண்ணெய் வழிந்து கக்கம்வரை வந்துவிட்டது. மேலே மனைவியின் குரல் மாறியது. "இல்லை அம்மா... இல்லையம்மா, அவர் என்னைச் சொல்லேல்லை... அம்மா, அழாதேங்கோ."

மாமி அன்றிரவே வந்துவிட்டார். கையில் இடியப்பம், கூடவே பெரியப்பா, சமாதானத்துக்கு.

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வைத்து ஹயர் ஓடியவர். 1990களில் பெற்றோல் இல்லாத காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர். அதைச் சொல்லாமல் அவர் ஒரு தேத்தண்ணி குடித்து நான் கண்டதில்லை. வந்த காரியத்தை மறந்து கராஜுக்குள் போனார். கைப்பிரேக்கை இறுக்கிப் போடச் சொன்னார். நாலாம் கியர், கொஞ்சம் பெற்றோல், கிளட்சை மெதுவாக விடு என்றார். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் ஒரு உதறு உதறி நின்றுபோகவேண்டும். என் என்ஜின் நிற்கவில்லை. கவலையே இல்லாமல் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"செத்துப் போச்சு" என்றார் பெரியப்பா. அரை நிமிடம் எடுத்திருக்கும். நான் புதுச் சிலிண்டருக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

மாற்றுவது என்று முடிவானதும் மருமகன் தம்பி களத்தில் இறங்கினான். வயது இருபத்திரண்டு. அவனுக்கு எல்லாவற்றிலும் 'ஸ்டேஜ்' உண்டு. "மாமா, செரமிக் போடுங்கோ, ஸ்டேஜ் த்ரீ." அதைப் போட்டால் கிளட்ச் மின்விளக்கு சுவிட்ச் மாதிரி. ஒன்றில் பிடிக்கும், இல்லை விடும், நடுவில் ஒன்றுமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு குதித்துக் குதித்துப் போகவேண்டும். என் என்ஜின் 1.6 லீற்றர், 116 குதிரைவலு. அதற்கு ரேஸ் கிளட்ச் போடுவது ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச்சங்கிலி வாங்குவது.

ஆனால் ஆசை யாரை விட்டது. எனக்கும் ஏதாவது பெரிதாகப் போடவேண்டும் என்று அரித்தது. அதற்கும் வழி இருந்தது. 1994இல் மஸ்டா 1.8 என்ஜினை வைத்தபோது கிளட்ச் தட்டை 200 மில்லிமீற்றரில் இருந்து 215 ஆக்கினார்கள். என்ஜினோடு சுற்றும், கிளட்ச் தட்டு ஒட்டிப் பிடிக்கும் அந்த ஃபிளைவீல் சக்கரத்தையும் கிளட்சையும் அப்படியே கழற்றிப் பழைய 1.6இல் பூட்டலாம், போல்ட் ஓட்டைகள் பொருந்தும். வித்தியாசம் பதினைந்து மில்லிமீற்றர். ஒரு கிழமை தூக்கம் போனது இந்தப் பதினைந்து மில்லிமீற்றருக்காக.

வேலையைக் கராஜ் அண்ணையிடம் கொடுத்தேன். ஊர்க்காரர், அதிகம் பேசமாட்டார். கியர்பொக்ஸை இறக்கி, பழைய தட்டை என் கையில் வைத்தார். தோசைக்கல்லில் தீய்ந்த ஓரம் மாதிரி கறுப்பு, ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. ஃபிளைவீலில் நீலப் புள்ளிகள். நான் பேசத் தொடங்கினேன். மருமகன் தம்பி போன கோடையில் ஒருநாள் எடுத்துக்கொண்டு போனவன், மச்சான் ஒருக்கால் பார்க்கிங்கில் திருப்பினவர், முதல் வைத்திருந்தவன் எப்படி ஓட்டினானோ...

அண்ணை கார்க்கதவைத் திறந்து டோர்ச் அடித்தார். பிரேக் பெடல் ரப்பரில் வரிகள் புதிது மாதிரி இருந்தன. கிளட்ச் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று வழித்த தலை. அதற்கு இடப்பக்கம் காலை வைத்து ஓய்வெடுக்க ஒரு மேடை கொடுத்திருக்கிறார்கள். அதில் தூசி படிந்திருந்தது. ஓய்வெடுக்கும் கால் பெடலிலேயே கிடந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசி உரசித் தேயும்.

"தம்பி, இந்த ரப்பர் எப்ப மாத்தினது?"

"நான்தான்... மூண்டு வருசம் முந்தி."

அண்ணை டோர்ச்சை அணைத்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பிரிம்லி ஏற்றத்தில் இருந்து எனக்கு இவ்வளவு பயம் தந்தது இந்த ஒரு மௌனம்தான்.

நேற்றுக் கார் வந்தது. திறப்பை மனைவி எடுத்துக்கொண்டார். அவர் ஊரில் மொறிஸ் மைனரில் ஓட்டப் பழகியவர் என்பது எனக்குக் கலியாணமாகிப் பதினாறு வருடத்தில் இப்போதுதான் தெரியும். புளஃபர்ஸ் பார்க் போய்த் திரும்பி, அதே பிரிம்லி ஏற்றம். மூன்றாம் கியரில் கார் ஒரே சீராக ஏறியது. அவருடைய இடது கால் மேடையில் சப்பாத்தோடு அடக்கமாக இருந்தது. நான் பக்கத்து சீட்டில், கதவுப் பிடியைப் பிடித்தபடி.

உச்சிக்குக் கிட்ட அவர் கியர் மாற்றினார். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "கால்" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் இடது கால் தரைவிரிப்பை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தது.